புளி போட்டு மினுக்கிய பித்தளை

பழைய துப்பாக்கிகளை, எங்கள் பேச்சில் துவக்குகளை, சேர்க்கிற ஒருவனுடைய வீட்டில் நடக்கவே கூடாத காரியம் ஒன்று, ஒரு தீபாவளிக்கு முதல்நாள் எங்கள் வீட்டில் நடந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முன்னறைச் சுவரில் ஏதோ மினுங்கியது. குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்த என் மனைவி, அதே கையோடு சுவரில் தொங்கும் துவக்கின் மரக்கட்டையில் பதித்திருந்த பித்தளை வில்லையையும் தேய்த்து வைத்திருந்தாள். நூறு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்த கறுப்பு, ஒரு தேசிக்காய் அளவு புளியில் போய்விட்டது.

“உது ஊத்தையாக் கிடந்தது. நாளைக்கு ஆக்கள் வருகினமெல்லோ” என்றாள்.

ஆட்கள் வரும் வீட்டில் துவக்கு தொங்குவதில் அவளுக்குக் குறை இல்லை. அது ஊத்தையாகத் தொங்குவதுதான் குறை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான். பித்தளையின் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி, அதைத் தேய்த்தால் விலையும் போயிற்று, மானமும் போயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப விளக்கையும் கறுப்பாவே விடுறதோ?” என்று கேட்டுவிட்டு முறுக்குப் பிழியப் போனாள். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடாமல் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கடை ரோல்ஸ் தின்று கோபத்தைக் காட்டினேன். மூன்றாம் நாள் வயிறு சரணடைந்தது.

அந்த வில்லையில் நான்கு இலக்கங்கள் வெட்டியிருக்கும். இரண்டு, எட்டு, ஆறு, மூன்று. முன்பு டார்ச் பிடித்துச் சரித்துப் பார்த்தால்தான் தெரியும். புளி வேலைக்குப் பிறகு சோபாவில் இருந்தபடியே வாசிக்கலாம் என்றாகிவிட்டது. பளபளக்கும் மஞ்சளுக்கு நடுவில் இலக்கங்கள் மட்டும் கறுப்பு.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ரயில் பெட்டிகள் திருத்தும் பட்டறையில் ஷிப்ட் வேலை. வீட்டில் ஆறு துவக்குகள் இருக்கின்றன. எல்லாம் நூறு வருடத்துக்கு முந்திய மகாராணி காலத்தவை. அவற்றுக்கான தோட்டாவை இப்போது யாரும் வழக்கமாகச் செய்து விற்பதில்லை என்பதால் அலங்காரப் பொருளாக வைத்திருக்க இந்த நாட்டுச் சட்டம் விடுகிறது. சுவரில் தொங்குவது மார்டினி என்கிற வகை, நெம்புகோலைக் கீழே இழுத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவது. முதலில் அதன் வாய் சாமிப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம் முடித்து வந்த நாளில் இருந்து எந்தத் துவக்கும் சாமியைப் பார்க்கக் கூடாது என்பது மனைவியின் சட்டம். திருப்பி மாட்டினேன். இப்போது அது தொலைக்காட்சியைப் பார்க்கிறது.

விருந்துக்கு வருபவர்களை அந்தச் சுவரை வைத்தே பிரித்துவிடலாம். மனைவியின் ஆபிசில் வேலை செய்யும் மலேசியாக்காரர் ஒருவர், “அண்ணே, இது இன்னும் சுடுமா?” என்று கேட்டுக் கட்டிப்பிடிக்காத குறையாகப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார். எங்கள் ஊர் ஆட்கள் போட்டோ எடுப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு, துவக்கு முதுகுக்குப் பின்னால் வராத நாற்காலிக்கு மெதுவாக மாறுவார்கள்.

ஒரு துவக்கை வாங்குவது பெரிய வேலை அல்ல. அது எங்கே, எப்போது, யார் கையில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. உலோகத்தின் பக்கவாட்டில் கிரீடம் குத்தியிருக்கும், அதன் கீழே செய்த ஊர், வருடம். என்னுடையது லண்டனின் வடக்கு ஓரத்தில், என்பீல்டில் செய்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒரு சனிக்கிழமை போய், கால்வாய்க் கரையில் நின்று, யாரோ துணி காயப்போட்டிருந்த பால்கனியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்த்தவனின் குறி தனித்தனியாக இருக்கும். பிறகு எந்தப் படைக்குக் கொடுத்தார்கள் என்ற குறி. படை மாறினால் பழைய குறியை அழிக்க மாட்டார்கள். குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் குத்துவார்கள். கோட்டுக்குக் கீழே பழையது வாசிக்கக் கிடக்கும். கடைசியில் சேவையில் இருந்து விற்கும்போது இரண்டு அம்புக்குறிகளை முனைக்கு முனை முட்டவைத்துக் குத்தி அனுப்புவார்கள்.

இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இந்த ஒரு துவக்குக்காக மூன்று வருடம் ஆவணக் காப்பகத்துக்கு அலைந்தேன். இரண்டு எட்டு ஆறு மூன்று, இரண்டு எட்டு ஆறு மூன்று என்று வாய்க்குள் சொல்லியபடி பழைய பதிவேடுகளில் விரலை ஓட்டினேன். ரயிலில் போகும்போதும் வாய் முணுமுணுத்தது. முன்னால் இருந்த பெண்மணி நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அந்த எண் எந்தப் படைக்குரியது, எந்த வருடம் விற்றார்கள் என்பதெல்லாம் கிடைத்தது. அன்று பட்டறை முழுவதற்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

பொய்க் குறிகளைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. ஹோட்டல் மண்டபங்களில் நடக்கும் துவக்குச் சந்தைகளில் என்னைக் கண்டால் சில வியாபாரிகளுக்கு முகம் சுருங்கும். குத்தியிருப்பது மிகவும் திருத்தமாக இருந்தால் அது பொய். உண்மையான குறி கொஞ்சம் சரிந்திருக்கும், ஒரு பக்கம் ஆழம், ஒரு பக்கம் மேலோட்டம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் குத்திக் களைத்தவனின் கை அப்படித்தான் விழும். “இதைப் போன மாதம்தானே குத்தினாய்?” என்று ஒருவனை எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு தம்பி. ஊரில் இருந்த அந்தக் காலத்தில் அவனுக்கு இருபது வயது, எனக்கு இருபத்துநான்கு. ஒரு காலைநேரம் அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் போனேன். இராணுவச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். என்னுடையதைத் திருப்பித் தந்தார்கள், அவனுடையதைத் தரவில்லை. சீருடையில் நின்ற ஒருவன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, போ என்று தலையை ஆட்டினான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. துவக்கையே பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு எண் வெட்டியிருந்தது. முன்பகுதியை அவன் கை மறைத்திருந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன.

தம்பி, “நீ போ அண்ணை, நான் வாறன்” என்றான்.

நான் போனேன். பாரில் பாரம் இல்லாமல் சைக்கிள் இலேசாக ஓடியது. விட்டுவிட்டார்கள் என்ற சந்தோஷம்தான் அந்த முதல் நிமிடத்தில் எனக்கு இருந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எழுதுவது இதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எந்த முகாமிலும் அப்படி ஒருவன் வரவில்லை என்றார்கள்.

அன்றைக்கே அம்மாவிடம் எண்ணைப் பற்றிச் சொன்னேன். எழுதி வைக்கட்டுமா என்று கேட்டேன். அம்மா பதறிவிட்டார். வீடு வீடாகச் சோதனை நடந்த காலம். கடதாசித் துண்டு ஒன்று வைத்திருந்ததற்காக ஆட்கள் காணாமல் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கடை லிஸ்ட்கூட வாசித்துவிட்டு அடுப்பில் போடுவோம்.

“எழுதாத. எனக்கும் சொல்லாத. அடிச்சுக் கேட்டால் நான் சொல்லிப்போடுவன். உன்ர மண்டைக்குள்ளயே வச்சிரு, ராசா” என்றார்.

வைத்திருந்தேன். அடுத்த வருடம் அம்மா காணியை விற்று என்னை லண்டனுக்கு அனுப்பினார். பிளேஸ்டோவில் ஒரு அறை, ஐந்து பேர். கீழ்த்தளத்தில் இருந்த அண்ணை ஒருவர் அகதிக் கேஸ் சொல்லிக் கொடுப்பவர். புதிதாக வருபவர்கள் தங்கள் சொந்தக் கதையைச் சொன்னால் தடுமாறுவார்கள் என்பது அவருடைய கொள்கை. அதனால் ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒருவரின் கதையை எல்லோரையும் பாடமாக்க வைப்பார். எனக்குக் கிடைத்த கதையின் சொந்தக்காரன் தாய்க்கு ஒரே பிள்ளை.

“எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அண்ணை. அவனைப் பிடிச்சவங்கள்” என்றேன்.

“தம்பியைப் பிடிச்சவங்கள் எண்டால் ஏன் பிடிச்சவங்கள், அவன் இயக்கமோ, நீயும் இயக்கமோ எண்டு கேப்பாங்கள். உனக்கு ஒருத்தரும் இல்லை. விளங்குதோ? உது வெண்ட கேஸ். அதில கை வைக்கக் கூடாது.”

குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் பெரிய கட்டடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. மொழிபெயர்ப்பவர் கேட்டார், “சகோதரங்கள் இருக்கினமோ?” இல்லை என்றேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. குறி அவ்வளவு திருத்தமாக விழுந்தது. அதிகாரி எழுதிக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஏற்றிருப்பார்களோ என்னவோ, அது எனக்கு இனித் தெரியப்போவதில்லை. அந்தக் கடதாசியின் மேல்தான் என் விசா, என் பிரஜாவுரிமை, கவுன்சில் வீடு, பிறகு சொந்த வீடு எல்லாம் ஏறி நிற்கிறது. குறுக்கே கோடு இழுத்து வாசிக்க விட்டிருக்கலாம். நான் என் தம்பியைச் சுரண்டியே எடுத்துவிட்டேன்.

துவக்குகள் பிறகு வந்தன. ஒரு ஞாயிறு, வயல் ஒன்றில் நடந்த பழைய சாமான் சந்தையில், உடைந்த துவக்கு ஒன்று கிடந்தது. கை தானாகப் போய் அதன் பக்கவாட்டைத் தடவி எண்ணைத் தேடியது. ஏன் தேடுகிறேன் என்று அப்போது என்னை நானே கேட்கவில்லை. வாங்கிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஊரில் காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் குழு ஒன்று வந்தது. அம்மா போய் வரிசையில் நின்று, படத்தைக் காட்டி, பதிந்தார். கண்ணால் கண்ட சாட்சி இருந்தால் சத்தியக் கடதாசி அனுப்பச் சொன்னார்களாம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அதே பேச்சு.

“நீ நம்பர் பாத்தனான் எண்டு சொன்னனியெல்லோ, தம்பி. உன்னட்டத்தான் இருக்கு. அதை எழுதி அனுப்பன்.”

“பாப்பம் அம்மா.”

“ஞாபகம் இருக்குத்தானே?”

“ஓம் அம்மா, வடிவா இருக்கு.”

பாப்பம், பாப்பம் என்று நான்கு வருடத்தை ஓட்டினேன். தம்பி இருக்கிறான் என்று கையெழுத்து வைத்தால், இல்லை என்று வைத்த கையெழுத்து என்ன ஆகும்? பிரஜாவுரிமையைப் பறிப்பார்கள், வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று நானே கற்பனை செய்து நானே வியர்த்தேன். அந்த வருடங்களின் சனிக்கிழமைகளில்தான் காப்பகத்தில் உட்கார்ந்து இரண்டு எட்டு ஆறு மூன்றைத் தேடினேன். அம்மாவிடம் எனக்கு வேலை அதிகம் என்று சொன்னேன்.

சந்தைகளில் என்னோடு எப்போதும் வாதம் செய்யும் ஒரு வெள்ளைக்கார நண்பன் உண்டு. என் வயதுதான், பஸ் ஓட்டியவன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, யாரோ ஒருவருடைய விஷயம் போல அவனிடம் கேட்டேன்: இந்தக் காலத்துத் துவக்கு ஒன்று, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும், இடமும் நாளும் தெரியும். ஆளைப் பிடிக்கலாமா?

அவன் யோசிக்கவே இல்லை. “எந்தப் படையும் கணக்கில்லாமல் துவக்குக் கொடுக்காது. அன்று அந்த இடத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்? இருபது? அதில் இரண்டு துவக்குகளின் எண் ஒரே நான்கு இலக்கத்தில் முடியுமா? துவக்கின் எண் என்பது அதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவனின் பெயர். உனக்கு இது தெரியாதா?”

எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தேநீர் முழுவதையும் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் போனது. போன மாசி மாதம் ஒரு ஞாயிறு, அம்மாவின் அழைப்பை எடுக்காமல் போனை அடிக்க விட்டேன். மனைவி எடுத்துப் பேசிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“இஞ்சேருங்கோ. மாமி அழுறா. உந்த இரும்பெல்லாம் எங்க பிறந்தது எண்டு தேடத் தெரியுது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுத ஏலாதோ உங்களுக்கு?”

இருபது வருடத்துக்கு மேல் என்னோடு வாழ்ந்தவளுக்கு அன்றுதான் பிளேஸ்டோக் கேஸைப் பற்றிச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

“இதுக்கோ இவ்வளவு காலமும்? பயத்தில எத்தினை பேர் உப்பிடித்தான் சொன்னவை. கேட்டால் அப்ப பயம் எண்டு உண்மையைச் சொல்லுங்கோ. வாறது வரட்டும். நானும் கூட வாறன்.”

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். துவக்கை விவரித்துப் பழகிய கை, ஒன்றையும் விடவில்லை. உயரம், நிறம், முன்பல்லில் ஒரு சிறு உடைவு, இடது முழங்காலில் சைக்கிள் செயின் கிழித்த தழும்பு, நீலக் கோடு போட்ட சேர்ட். சாவடி இருந்த சந்தி, நேரம், மறித்தவர்கள் எத்தனை பேர் என்பது. கடைசியில் எண்ணுக்கு வந்தேன். பேனை ஒரு கணமும் நிற்கவில்லை. நான்கு இலக்கங்களையும் எழுதி, கீழே கோடும் போட்டேன். இவ்வளவு காலமாக மண்டைக்குள் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மனைவியிடம் கொடுத்தேன்.

வாசித்துக்கொண்டே வந்தவள் கடைசியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். வருடா வருடம் என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே புளி போட்டுத் தேய்க்கிறவள் அவள்.

“இது உந்தத் துவக்கில இருக்கிற நம்பரெல்லோ?” என்றாள், மெதுவாக.

நான் நிமிர்ந்தேன். இரண்டு, எட்டு, ஆறு, மூன்று. முன்னறைக்குள் விழுந்த வெயிலில் கறுப்பாக, தெளிவாகத் தெரிந்தது.

அப்படியானால் மற்றது எது? கண்ணை மூடினேன். சாவடி வந்தது, அந்தக் கை வந்தது, கையின் நகத்தில் இருந்த அழுக்குக்கூட வந்தது. இரும்பில் இருக்கும் எண் மட்டும் இரண்டு எட்டு ஆறு மூன்று என்றே வந்தது. நான் இதை வாங்கியதே அந்த எண் இதுவாக இருந்ததாலா? அப்படி ஒரு ஒற்றுமை இருந்திருந்தால் சந்தையிலேயே எனக்கு நெஞ்சு நின்றிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேறு ஏதோ ஒரு எண் இருந்தது. ஏழில் தொடங்கியதாக ஒரு நிழல். அன்று முழுவதும் கடதாசியில் எண்களை எழுதி எழுதிப் பார்த்தேன். ஆறு துவக்குகளின் எண்களும் வந்தன, பட்டறைப் பெட்டிகளின் எண்களும் வந்தன. என் தம்பியைக் கொண்டுபோனவனின் எண் வரவில்லை. மூன்று வருடம் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, அதன் மேல் இன்னொன்றை நானே குத்தியிருக்கிறேன். கீழே வாசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

புதிய கடதாசி எடுத்து எழுதினேன். எண் கண்டேன், இப்போது ஞாபகம் இல்லை. அந்த வசனத்தோடு கையெழுத்து வைத்து அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிறு. அம்மா அழைப்பு எடுத்தார்.

“அனுப்பிட்டியோ?”

“ஓம் அம்மா. அனுப்பிட்டன்.”

“நம்பரும் எழுதினியோ?”

“ஓம்.”

பிறகு அம்மா, “அப்ப நீ சொல்லாத எண்டு நான்தானே சொன்னனான். இனிப் பயமில்லை. எனக்கும் ஒருக்காச் சொல்லன், ராசா. கேக்க ஆசையா இருக்கு” என்றார்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பேசி முடிக்கும்போது அம்மா அதைச் சொல்லிக் காட்டுகிறார். மறந்துவிடாமல் இருக்கத் தினமும் விளக்கு வைக்கும்போது சொல்வாராம், வரிசையில் நிற்கும் மற்றத் தாய்மாருக்கும் சொல்லி வைத்திருக்கிறாராம். “ரெண்டு, எட்டு, ஆறு, மூண்டு. சரிதானே, தம்பி?” என்று கேட்கிறார்.

“ஓம் அம்மா, சரி” என்கிறேன்.